கைக்கு வந்து சேராத கண்டுபிடிப்புகள்

1761ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் இரண்டு மருத்துவ நூல்கள் வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் மோர்காக்னி. சுமார் 700 பிரேதப் பரிசோதனைகளில் கண்டதையெல்லாம் திரட்டி, எந்த நோய் எந்த உறுப்பில் குடியிருக்கிறது என்று காட்டிய பெருநூல் அது. அப்போது அவருக்கு வயது 79. நூலும் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே புகழ்பெற்றது. மற்றொன்று வியன்னாவின் ஸ்பானிய மருத்துவமனையில் வேலை பார்த்த லியோபோல்ட் ஆவன்புருக்கர் எழுதிய, 95 பக்கமே கொண்ட லத்தீன் சிறுநூல். நோயாளியின் மார்பை விரல்நுனிகளால் தட்டினால் எழும் ஓசையை வைத்தே உள்ளே நீர் கோத்திருக்கிறதா, நுரையீரல் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று அவர் உயிரோடிருக்கும்போதே சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம். நலமான மார்பு கனத்த துணி போர்த்திய முரசு போல ஒலிக்கும், நோய் கண்ட இடத்தில் ஓசை மந்தப்படும் என்று அவர் எழுதினார். ஆவன்புருக்கர் க்ராட்ஸ் நகரில் விடுதி நடத்தியவரின் மகன். திராட்சை ரசப் பீப்பாயைத் தட்டி அளவு பார்க்கும் பழக்கத்திலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்று மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் கதை சொல்வார்கள். கதை உண்மையாகவே இருக்கட்டும்; அது மறைத்துவிடும் உழைப்பு பெரியது. ஏழாண்டுக் காலம் நோயாளிகளைத் தட்டிப் பார்த்தார், இறந்தவர்களை அறுத்துச் சரிபார்த்தார், பிணத்தின் மார்புக்குள் நீரைச் செலுத்தி அது நிறைந்த மட்டத்தில் ஓசை மாறுவதையும் சோதித்தார்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வியன்னாவின் மருத்துவக் கல்வியை அப்போது கையில் வைத்திருந்த வான் ஸ்வீட்டனும் அவருடைய சகா அன்டன் டி ஹேனும் அதே ஊரில் இருந்தவர்கள்தான்; நூலைக் கண்டுகொள்ளவில்லை. 1770இல் ரோசியேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை மொழிபெயர்த்தார், ஆனால் தாம் அதைச் செய்து பார்த்ததில்லை என்றும் எழுதிவிட்டார். டி ஹேனுக்குப் பின் வியன்னா மருத்துவமனைக்குப் பொறுப்பேற்ற ஸ்டோல் மட்டும் நோயாளிகளைத் தட்டிப் பார்த்தார், அதைப் பற்றி எழுதவும் செய்தார். ஸ்டோலின் எழுத்து வழியாகத்தான் பாரிஸ் மருத்துவர் கொர்விசாருக்கு இந்த முறை தெரியவந்தது. அவர் சாரிதே மருத்துவமனையில் சுமார் 20 ஆண்டுகள் அதைத் தாமும் செய்து, மாணவர்களையும் செய்யவைத்து, 1808இல் ஆவன்புருக்கரின் சிறுநூலைத் தம் அனுபவக் குறிப்புகளோடு பிரெஞ்சில் வெளியிட்டார். மூலநூல் வந்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. மறு ஆண்டு ஆவன்புருக்கர் இறந்துபோனார். மருத்துவ வரலாற்று நூல்கள் இதைப் புறக்கணிக்கப்பட்ட மேதையின் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு இது கல்வியின் கதையாகப் படுகிறது. கைத்திறன் ஒன்று முதலில் நோயாளியிடத்தில் கண்டுபிடிக்கப்பட வேண்டும். பிறகு மாணவனுக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று இன்னொரு முறை கண்டுபிடிக்கப்பட வேண்டும். இரண்டாவது கண்டுபிடிப்பு நிகழாதவரை முதலாவது ஏட்டில் கிடக்கும். மார்பைத் தட்டுவதற்கும் ஸ்டெதஸ்கோப்புக்கும் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டுவதற்கும் மார்பை அழுத்தி உயிர் மீட்பதற்கும் நேர்ந்தது இதுதான்.

இதற்கு உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு. நோய் என்பது நான்கு நீர்மங்களின் ஏறுமாறு என்று நம்பிய காலத்தில் மார்பின் ஒரு மூலையில் எழும் ஓசைக்கு என்ன பொருள் இருந்திருக்க முடியும்? நோய் உறுப்பில் இருக்கிறது என்ற கொள்கை வேரூன்றிய பிறகே தட்டிப் பார்ப்பதற்கு வேலை வந்தது, ஆகவே தடையாக இருந்தது கொள்கைதான், கற்பிக்கும் முறையல்ல என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மோர்காக்னியின் நூலும் அதே 1761இல்தான் வந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. உறுப்பில் நோயைத் தேடும் கொள்கை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, படித்தவர்கள் மெச்சவும் செய்தார்கள். படுக்கையருகே பாடம் நடத்தும் வழக்கம் வியன்னாவில் இல்லை என்றும் சொல்ல முடியாது. வான் ஸ்வீட்டனும் டி ஹேனும் ஹாலந்தின் லெய்டன் நகரில் புகழ்கொண்ட பூர்ஹாவேயின் மாணவர்கள். ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு ஆறு என்று 12 படுக்கைகளை வைத்துக்கொண்டு வாரம் இரண்டு நாள் நோயாளிகளைக் காட்டிப் பாடம் சொன்னவர் பூர்ஹாவே. டி ஹேனும் 1754இல் வியன்னாவில் அதே அளவில் ஒரு கற்பித்தல் பிரிவைத் தொடங்கினார். வெப்பமானியை நோயாளிகளிடம் விடாமல் பயன்படுத்திய முன்னோடிகளில் அவர் ஒருவர், பிற்போக்குவாதி அல்லர். இருந்தும் அந்த 12 படுக்கைகளைச் சுற்றி நின்றவர்கள் பார்வையாளர்கள். ஆசிரியர் கேள்வி கேட்பார், பார்ப்பார், விளக்குவார், மாணவன் குறிப்பெடுப்பான். பார்ப்பதையும் சொல்வதையும் அப்படிக் கற்றுக்கொள்ள முடியும். விரலின் அடியில் உணரும் அதிர்வை, மந்தமான ஓசைக்கும் தெளிவான ஓசைக்கும் நடுவில் உள்ள நுட்பத்தை இன்னொருவர் தட்டும்போது எட்டி நின்று கற்க முடியாது. நூறு நலமான மார்புகளைத் தட்டிப் பழகாத கைக்கு நோயுற்ற மார்பு எதையும் சொல்லாது.

அந்த நூறு மார்புகளை மாணவனின் கைக்குக் கொண்டுவந்தது பிரெஞ்சுப் புரட்சி. பழைய மருத்துவப் பீடங்களைப் புரட்சி அரசு மூடிவிட்டது, எல்லையெங்கும் போர், படைகளுக்குப் போதுமான மருத்துவர்கள் இல்லை. 1794 டிசம்பரில் வேதியியலாளர் ஃபூர்க்ருவாவின் அறிக்கையை ஏற்று பாரிஸ் உட்பட மூன்று நகரங்களில் புதிய மருத்துவப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. புத்தகத்தைக் குறைத்து, மாணவனைப் பார்க்கவும் செய்யவும் விட வேண்டும் என்பது அந்த அறிக்கையின் நிலைப்பாடு. போர்க்கால அவசரத்தில் போட்ட திட்டம் இவ்வளவு காலம் நிற்கும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். பாரிஸின் பெரிய மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான ஏழைகள் படுத்திருந்தார்கள். மாணவன் காலையில் ஒருவரைத் தொட்டுப் பார்ப்பான், தட்டுவான், தன் கணிப்பைச் சொல்வான். அவர் இறந்துவிட்டால் அதே மாணவன் பிணவறையில் தன் கணிப்பு சரியா என்று பார்ப்பான். கை சொன்னதைக் கத்தி சரிபார்க்கும் இந்தச் சுற்றுதான் கொர்விசாருக்குக் கிடைத்து, ஆவன்புருக்கரைச் சுற்றியிருந்தவர்களுக்குக் கிடைக்காதது. ஆவன்புருக்கர் தனியாளாக ஏழாண்டு செய்ததைப் பாரிஸ் ஒரு பாடத்திட்டமாக்கிவிட்டது. இதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இலவசப் படுக்கைக்கு ஈடாக ஏழை தன் உடலை உயிருள்ளபோது மாணவர் கூட்டத்துக்கும், செத்தபின் அறுவை மேசைக்கும் கொடுத்தான். யாரும் அவன் சம்மதத்தைக் கேட்கவில்லை.

ஸ்டெதஸ்கோப் இந்தச் சூழலின் குழந்தை. அதைக் கண்டுபிடித்த லென்னெக் கொர்விசாரின் மாணவர். 1816இல் பாரிஸில் இதயக் கோளாறோடு வந்த இளம்பெண் ஒருவர் பருமனாக இருந்ததால் தட்டிப் பார்த்தும் தெளிவு கிடைக்கவில்லை. மார்பில் காதை வைத்துக் கேட்பது முறையாகவும் படவில்லை. ஒரு கற்றைத் தாளை இறுகச் சுருட்டி ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். இந்தக் காட்சியைச் சொல்லாத பாடநூல் இல்லை. ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகளில் நெக்கர் மருத்துவமனையில் அவர் செய்ததே பெரிய வேலை என்பேன். ஒவ்வொரு ஓசையையும் தனித்தனியாகப் பிரித்துப் பெயரிட்டு, பிணவறையில் சரிபார்த்து, 1819இல் இரண்டு தொகுதி நூலாக்கினார். மரக்குழல்களைத் தாமே கடைந்தார். நூலை வாங்குவோர் குழலையும் சேர்த்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு இருந்தது. புத்தகத்தோடு கருவியையும் விற்றது வணிகத் தந்திரமாகத் தோன்றலாம், ஆனால் படிப்பவன் அன்றே பழகத் தொடங்க வேண்டும் என்ற ஆசிரியப் புத்தி அதில் இருந்தது. 1821இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜான் ஃபோர்ப்ஸ், இது மருத்துவர்களிடம் பரவலாகப் பழக்கத்துக்கு வருமா என்பதே சந்தேகம் என்று தம் முன்னுரையில் எழுதினார். நூலை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் கணிப்பு நியாயமானது. அது பொய்த்துப்போகக் காரணம், லென்னெக்கின் வார்டுக்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்து, அவர் பக்கத்தில் நின்று அதே மார்பில் குழலை வைத்துக் கேட்டு, அந்தக் காதோடு ஊர் திரும்பியதுதான். 1826இல் லென்னெக் காசநோயால் 45 வயதில் இறந்தபோது அவரில்லாமலே அந்தத் திறன் வளரக்கூடிய நிலையை எட்டியிருந்தது.

மருத்துவமனை மாணவனுக்குத் திறக்காத இடங்களில் நிலைமை வேறு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பல கல்லூரிகள் இரண்டு பருவ விரிவுரைகளைக் கேட்டவனுக்கே பட்டம் கொடுத்தன. ஒரு நோயாளியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் மருத்துவராக முடிந்தது. 1893இல் பால்டிமோரில் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் வில்லியம் ஆஸ்லர் மாணவர்களை வார்டுக்குள் பொறுப்போடு உட்காரவைத்த பிறகே அங்கு மாற்றம் வந்தது. இந்தியாவில் 1835இல் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளி பொது மருத்துவமனையை ஒட்டியே வளர்ந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களைப் பயிற்றுவித்தார். 1897இல் ஹட்சிசனும் ரெய்னியும் எழுதிய கையேடு இன்றும் நம் மருத்துவ மாணவர்களின் மேசையில் இருக்கிறது. பார், தொடு, தட்டு, கேள் என்ற வரிசை அந்தத் தலைமுறை நூல்கள் வழியே நமக்கும் பாடமானது.

நோயாளியை ஆராயும் கலை ஐரோப்பாவில் பிறந்ததாக இதைப் படித்துவிடக் கூடாது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வு நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்று எட்டையும் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. சுசுருத சம்ஹிதையோ அறுவைப் பயிற்சிக்குப் பாடத்திட்டமே தருகிறது: பூசணியிலும் வெள்ளரியிலும் அறுத்துப் பழகு, தாமரைத் தண்டில் குத்திப் பழகு, தடித்த துணியில் தைத்துப் பழகு என்று. உயிருள்ள உடலைத் தொடும் முன் மாற்றுப் பொருளில் கை பழக வேண்டும் என்ற கொள்கை இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட பழைய நூல்கள் வேறெங்கும் அதிகம் இல்லை. ஆனாலும் அந்த நூல் பிழைத்த அளவுக்கு அதன் கத்தி பிழைக்கவில்லை. ஏட்டைப் படித்த வைத்தியர்கள் காலப்போக்கில் அறுவையைக் கைவிட்டார்கள். 1794இல் லண்டனின் ஜென்டில்மன்ஸ் மேகசின் ஒரு செய்தி வெளியிட்டது. திப்பு சுல்தானுடனான போரில் பிடிபட்டு மூக்கறுபட்ட, ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டிக்காரர் கவாஸ்ஜிக்குப் புனே அருகே நெற்றித் தோலை எடுத்து மூக்கு ஒட்டவைத்தார்கள் என்பதே அது. செய்தவர் சம்ஸ்கிருதம் கற்ற வைத்தியர் அல்லர், செங்கல் சூளைச் சாதியைச் சேர்ந்தவர். அப்பன் கையிலிருந்து மகன் கைக்கு என்று ஒரு குடும்பத் தொழிலாக அந்தத் திறன் தொடர்ந்திருக்கிறது. நூல் ஒரு வழியில் போக, கை இன்னொரு வழியில் வந்து சேர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்த லண்டன் அறுவை மருத்துவர் கார்ப்யூ பல ஆண்டுகள் பிணங்களில் பழகிய பிறகே 1814இல் முதல் நோயாளியைத் தொட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

மார்பைத் தட்டுவதை எந்த நலமான மார்பிலும் பழகலாம். சொந்த மார்பிலேயே பழகலாம். உயிர் காக்கும் முதல் உதவிக்கு அந்த வசதி இல்லை. மூச்சு நின்றவரிடம்தான் மூச்சூட்ட முடியும், இதயம் நின்றவரின் மார்பைத்தான் அழுத்த முடியும். அந்த நேரத்தில் யாருக்கும் பாடம் நடத்த அவகாசம் இருக்காது. இதனால்தான் இந்தத் திறனின் வரலாறு இன்னும் கோணலாக இருக்கிறது. 1732இல் ஸ்காட்லாந்தின் அலோவாவில் சுரங்கப் புகையில் மூச்சுத்திணறி விழுந்த தொழிலாளி ஒருவரை மருத்துவர் டோசாக் வாயோடு வாய் வைத்து ஊதிப் பிழைக்கவைத்தார்; 1744இல் அதை எழுதி வெளியிட்டார். 1740இலேயே பாரிஸ் அறிவியல் கழகம் நீரில் மூழ்கியவர்களுக்கு இதே முறையைப் பரிந்துரைத்தது. 1767இல் கால்வாய்கள் நிறைந்த ஆம்ஸ்டர்டாமில் மூழ்கியோரை மீட்பதற்கென்றே ஒரு சங்கம் எழுந்தது. 1774இல் லண்டனில் ஹாஸும் கோகனும் அதுபோன்ற ஒன்றைத் தொடங்கினார்கள். உடலைச் சூடாக்குவது, மூச்சூட்டுவது என்ற நல்ல யோசனைகளோடு, ஆசனவாய் வழியே புகையிலைப் புகையை ஊதுவதும் அவர்கள் பட்டியலில் இருந்தது. தேம்ஸ் நதிக்கரையில் அதற்கான துருத்திகளைத் தயாராக வைத்திருந்தார்கள். புகையிலை இதயத்துக்கு நஞ்சு என்று 1811இல் ப்ரோடி காட்டிய பிறகே அது மெல்ல வழக்கொழிந்தது. அதற்குள் வாயோடு வாய் முறையும் மருத்துவர்களின் கையைவிட்டுப் போயிருந்தது.

இங்கே இன்னொரு மறுப்பு வருகிறது, முதலாவதைவிட வலுவானது. வாயோடு வாய் முறை மறைந்ததற்குக் கற்பித்தல் காரணமல்ல, அறிவியலே காரணம். 1770களில் பிரீஸ்ட்லியும் லவாஸியேவும் காற்றின் கூறுகளைப் பிரித்தறிந்தபோது, ஒருவர் வெளிவிட்ட காற்று இன்னொருவரின் உயிருக்குப் பயன்படாத கெட்ட காற்று என்ற எண்ணம் பரவியது. அருவருப்பும் சேர்ந்துகொண்டது. துருத்தி அதன் இடத்துக்கு வந்தது. அளவு மீறி ஊதினால் நுரையீரல் கிழியும் என்று 1820களின் பிற்பகுதியில் லெரவா விலங்குகளில் காட்டியதும் துருத்தியும் ஒதுக்கப்பட்டது. இவையெல்லாம் நடந்தவைதான். இருந்தாலும் அதே காலம் முழுக்கப் பேறு பார்க்கும் பெண்கள் மூச்சுவிடாத சிசுவின் வாயில் ஊதிக்கொண்டேதான் இருந்தார்கள். லவாஸியேவின் வேதியியல் அவர்களை எட்டவில்லை. மூத்தவள் செய்ததை இளையவள் கூட இருந்து செய்தாள். கொள்கை தவறியபோது மருத்துவரிடம் அறுந்த திறன், கற்பிக்கும் சங்கிலி அறாத இடத்தில் பிழைத்தது. பிரான்சில் பேறுகாலப் பயிற்சிக்கு மதாம் து கூத்ரே 1759 முதல் ஊர் ஊராகச் சென்று, துணியும் தோலும் கொண்டு செய்த கர்ப்பிணிப் பொம்மையில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குக் கை பழக்கிவிட்டதும் இதே நூற்றாண்டில்தான். பெரிய சங்கங்களின் மருத்துவர்களுக்கு அப்படியொரு பொம்மை தோன்றாமல்போனது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. பேறு பார்ப்பது பெண்கள் வேலை என்று ஒதுக்கியவர்கள் அங்கே போய்க் கற்றிருக்க மாட்டார்கள்.

என் வாதத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதில் ஆபத்தும் உண்டு. அடுத்த நூறாண்டு அதற்குச் சாட்சி. 1856இல் மார்ஷல் ஹால் மூச்சு நின்றவரை இப்படியும் அப்படியும் உருட்டச் சொன்னார். 1858இல் சில்வெஸ்டர் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கச் சொன்னார். 1903இல் ஷேஃபர் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தச் சொன்னார். 1932இல் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் முதுகழுத்தமும் முழங்கை தூக்கலும் சேர்ந்த முறையைக் கொடுத்தார். நான்குமே கற்பிக்க எளிதானவை. நண்பனைத் தரையில் படுக்கவைத்து எண்ணிக்கை சொல்லிப் பழகலாம்; படம் போட்டுச் சுவரில் ஒட்டலாம். காவலரும் சாரணரும் நீச்சல் காவலரும் உலகெங்கும் இவற்றைக் கச்சிதமாகக் கற்றார்கள். ஆனால் மயங்கியவரின் நாக்கு பின்னுக்குச் சரிந்து தொண்டையை அடைத்திருக்க, முதுகை எவ்வளவு ஒழுங்காக அழுத்தினாலும் காற்று உள்ளே போவது அரிது. ஆக, எளிதாகக் கற்பிக்க முடிவதாலேயே ஒரு திறன் சரியானதாகிவிடாது. பிழையான முறைகூட நன்றாகக் கற்பிக்கப்பட்டால் ஒரு நூற்றாண்டு வாழும். எது வாழும் என்பதைப் பயிற்சி தீர்மானிக்கிறது. எது வாழத் தகுந்தது என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே ஆளின் தலையில் சேர்ந்தது 1950களில்.

ஜேம்ஸ் எலாம் என்ற மயக்க மருந்து நிபுணர், நாம் வெளிவிடும் மூச்சில் இன்னொருவரை உயிரோடு வைத்திருக்கும் அளவுக்கு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று 1954இல் அளந்து காட்டினார்; கெட்ட காற்று என்ற பழைய பயம் அத்தோடு ஒழிந்தது. பால்டிமோரில் பீட்டர் சாஃபர் அதை மேலே கொண்டுபோனார். மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் தாமாக முன்வந்து, மயக்கமும் தசைச்செயலை நிறுத்தும் மருந்தும் ஏற்றுக்கொண்டு, மூச்சுவிட முடியாத நிலையில் படுத்தார்கள். அவர்களிடம் பழைய கைத்தூக்கல் முறைகளும் வாயோடு வாய் முறையும் அளந்து ஒப்பிடப்பட்டன. தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தாடையைத் தூக்கினாலே தொண்டை திறந்துவிடும் என்பது தெளிவானது. இந்தச் சோதனைகளில் மருத்துவம் தெரியாத சாதாரண மக்களையும் அவர் மூச்சூட்டவைத்தார். முறை பலிக்கிறதா என்ற கேள்வியோடு, சில நிமிடம் சொல்லிக்கொடுத்தால் யாராலும் செய்ய முடிகிறதா என்ற கேள்வியையும் ஒரே சோதனைக்குள் வைத்ததுதான் சாஃபரின் மேதைமை. 1958இல் முடிவுகள் வெளிவந்தன. அதே நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மின்பொறியாளர் கொவென்ஹோவனின் குழு வேறு வேலையில் இருந்தது. மின்கம்பத் தொழிலாளர்கள் மின்னதிர்ச்சியில் சாவதைத் தடுக்க, இதயத்துக்கு மின்தூண்டல் கொடுக்கும் ஆராய்ச்சி அது. நாயின் மார்பில் கனத்த மின்தகடுகளை அழுத்தி வைக்கும்போதே ரத்த அழுத்தம் சற்று எழுவதை நிக்கர்பாக்கர் என்ற இளைஞர் கவனித்தார். மார்பைத் திறக்காமலே இதயத்தை இயக்க முடியும் என்பது அங்கே பிறந்தது. 1960 ஜூலையில் வெளிவந்த கட்டுரை 20 நோயாளிகளைப் பற்றிப் பேசியது. 14 பேர் பிழைத்திருந்தார்கள். அந்த ஆண்டே மூச்சூட்டலும் மார்பழுத்தமும் ஒரே முறையாகச் சேர்ந்தன.

ஆவன்புருக்கருக்கு 47 ஆண்டு ஆனது. இதற்குச் சில மாதங்களே ஆயின என்றால் காரணம் நார்வேயின் ஸ்டாவங்கர் நகரப் பொம்மை வியாபாரி ஒருவர். அஸ்முண்ட் லேர்டால் மென்மையான பிளாஸ்டிக்கில் குழந்தைப் பொம்மைகள் செய்து விற்றவர். அதே ஊர் மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் லிண்ட் போன்றோர் தூண்ட, வாயோடு வாய் முறையைப் பழக முழு ஆள் உயரப் பொம்மை ஒன்றை 1960இல் உருவாக்கினார். தலையைச் சாய்த்தால்தான் காற்றுவழி திறக்கும்; சரியாக ஊதினால்தான் மார்பு உயரும். சாஃபரின் யோசனைப்படி மார்புக்குள் வில் வைத்து அழுத்தவும் பழகும்படி செய்தார். முகத்துக்கு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் செய்ன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்பட்ட அடையாளம் தெரியாத இளம்பெண்ணின் முக அச்சைத் தேர்ந்தார். பயமுறுத்தாத முகமாக இருந்தால் பழகுபவர் வாய் வைக்கத் தயங்கமாட்டார் என்பது அவருடைய கணக்கு. அந்தப் பொம்மைக்கு ஆன் என்று பெயர். லிண்ட் ஸ்டாவங்கர் பள்ளிக் குழந்தைகளுக்கே இதை வைத்துக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். பொம்மை பயிற்சிக்கான துணைக்கருவி மட்டுமே என்று சொல்வோர் உண்டு. மார்பழுத்தத்தைப் பொறுத்தவரை அது தவறு. உயிருள்ள எவரிடமும் பழக முடியாத, பழகாமல் செய்யவும் முடியாத ஒரு செயலுக்குப் பொம்மைதான் பள்ளிக்கூடம்.

சுவாரசியம் என்னவென்றால், இந்தத் திறனைச் சாமானியருக்குக் கொடுக்கலாமா என்று மருத்துவ உலகம் தயங்கியது. 1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் மாநாடு மருத்துவப் பணியாளர்கள் அனைவரும் பயில வேண்டும் என்று பரிந்துரைத்தது; பொதுமக்களுக்கும் கற்பிக்கலாம் என்ற தெளிவான நெறி 1974இல்தான் வந்தது. அதற்குள் பொம்மை மருத்துவக் கல்லூரியின் மற்ற அறைகளுக்குள்ளும் புகுந்திருந்தது. 1968இல் மயாமியின் மைக்கேல் கார்டன் இதய ஓசைகளையும் நாடியையும் எழுப்பும் ஹார்வி என்ற பொம்மையைக் காட்டினார். நோயாளியாக நடிக்கப் பயிற்றுவிக்கப்பட்டவர்களைக் கொண்டு ஹாவர்ட் பாரோஸ் 1960களிலேயே பாடம் நடத்தினார். 1975இல் டண்டியின் ரொனால்ட் ஹார்டன், மாணவன் மேசை மேசையாக நகர்ந்து ஒவ்வொன்றிலும் ஒரு திறனைச் செய்துகாட்டும் தேர்வு முறையை முன்வைத்தார். முதலுதவியை வேறு வழியில்லாமல் பொம்மையில் கற்கப்போய், நோயாளியைப் பரிசோதிக்கும் கலையும் பொம்மைக்குத் திரும்பியது.

இதில் நட்டமில்லையா? இருக்கிறது. ரப்பர் மார்புக்கு வெட்கமில்லை, இருமல் வராது, குளிர்ந்த கை பட்டதும் அது சிலிர்க்காது. பொம்மையில் மட்டும் தேறியவன் வார்டில் தடுமாறுவான் என்று மூத்த பேராசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எக்கோவும் ஸ்கேனும் நொடியில் காட்டுவதைத் தட்டியும் கேட்டும் கண்டுபிடிப்பது வீண் என்று இளையவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. எக்கோ இருக்கும் ஊரில். இரவு இரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூச்சிரைப்போடு வருபவரின் மார்பில் நீரா காற்றா என்று அங்கே இருக்கும் விரல்தான் முதலில் சொல்ல வேண்டும். பொம்மையால் கிடைத்த பெரிய லாபம் வேறு. பாரிஸ் வார்டில் ஏழையின் உடல் சுமந்த முதல் தவறுகளை இப்போது ரப்பர் சுமக்கிறது. தடுமாறும் முதல் ஐம்பது தடவையை அங்கே முடித்துக்கொண்டு ஐம்பத்தோராவது தடவைக்கு நோயாளியிடம் போவது அவருக்குக் காட்டும் மரியாதை.

இந்தியாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் முதல் மாதத்தையே அடிப்படைப் பயிற்சிக்கு ஒதுக்கி, உயிர்காக்கும் முதலுதவியை அதில் சேர்த்தது. திறன் பயிற்சிக் கூடத்தைக் கல்லூரிகளுக்குக் கட்டாயமாக்கியது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் மார்பழுத்தப் பயிற்சி பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: கற்ற மூன்று முதல் ஆறு மாதங்களில் கை மறக்கத் தொடங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்ற எண்கள் நினைவில் இருக்கும். ஆழம் கையில் இருக்காது. சில மருத்துவமனைகள் இதற்காகவே வார்டின் ஓரத்தில் பொம்மையை வைத்து, மூன்று மாதத்துக்கொருமுறை சில நிமிடம் பழகிவிட்டுப் போகும்படி ஏற்பாடு செய்திருக்கின்றன. முதல் மாதத்தில் பொம்மையின் மார்பை அழுத்திய மாணவர் ஹவுஸ் சர்ஜனாக அவசரப் பிரிவில் நிற்பது நாலரை ஆண்டு கழித்து. அதற்கிடையே அந்தப் பயிற்சிக் கூடம் ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் திறக்கிறதா, மாலை நேரத்தில் மாணவர் தாமாகப் போய்ப் பழகும்படி திறந்திருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பாடத்திட்டம் சொல்வதில்லை.